ஆள்காட்டி விரலில் ஒரு நீலக் கறை

அந்த ஓவியருக்கு மூன்று காதல்கள் என்பது ஊரறிந்த கதை. ஓவியம் பார்க்கிற வழக்கமே இல்லாதவர்கள்கூட அதை மட்டும் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். முதலில் பாடகி, அப்புறம் கண் டாக்டர், கடைசியில் நீச்சல்காரி. ஒவ்வொருத்தி வந்தபோதும் அவருடைய நிறங்களே மாறிப்போயின என்று எழுதியவர்கள் உண்டு. ஒவ்வொருத்தி போனபோதும் மனுஷன் ஆறு மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் என்று எழுதியவர்களும் உண்டு. இவர்களெல்லாம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்களா என்று நாம் கேட்கக் கூடாது.

இன்னொரு விஷயமும் எல்லோருக்கும் தெரியும். அவர் தன் படம் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அது கர்வம் என்றார்கள் சிலர், கூச்சம் என்றார்கள் சிலர். கேட்டவர்களிடம் அவர், "போட்டிருக்கேன், பாருங்க" என்பாராம். பார்த்தால் ஒன்றும் இருக்காது. கிழவர் விளையாடுகிறார் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவர் இறந்து ஒன்பது வருஷம் கழித்து, அவர் வரைந்த பெண்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர அருங்காட்சியகம் முடிவு செய்தது. யார் யார் வீட்டு வரவேற்பறைகளிலோ புகையும் தூசியும் குடித்துக்கொண்டிருந்த பதினொரு படங்கள் வந்து இறங்கின. பாடகிக்கு ஓர் அறை, டாக்டருக்கு ஓர் அறை, நீச்சல்காரிக்கு ஓர் அறை. திறப்பு விழாவுக்கு முன் அத்தனையையும் சுத்தம் செய்து தருவது பஞ்சுவின் பொறுப்பு.

பஞ்சு என்பது பட்டப்பெயர்தான். குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, மருந்தில் நனைத்து, படத்தின் மேல் அரிசியளவு அரிசியளவாக அழுக்கெடுப்பது அவளுக்கு இருபது வருஷத் தொழில். காதில் செருகிய பஞ்சுக்குச்சியோடு ஒரு கல்யாணத்துக்கே போய்வந்தவள். அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்னும் உதிரவில்லை.

இந்த ஓவியர் என்றால் அவளுக்கு உயிர். பதினாறு வயதில் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் அவருடைய 'மஞ்சள் நாற்காலி'யின் அச்சுப் படத்தைப் பார்த்தாள். நீச்சல்காரி தலை ஈரமாக, மடியில் துண்டைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம். பார்த்துக்கொண்டே இருந்ததில் பல்வலி மறந்துபோய், தன் பெயரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. அந்தப் படமே இப்போது அவள் மேஜைமேல் கிடந்தது. முதல் நாள் அதைத் தொடாமல் ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரொட்டிக்குப் படமெடுக்க வேண்டும், அதை முதலில் முடியுங்கள் என்று அருங்காட்சியக இயக்குநர் சொல்லியிருந்தார். அதனால் 'மஞ்சள் நாற்காலி'யிலேயே தொடங்கினாள். மூன்றாம் நாள், துண்டைப் பிடித்திருக்கும் வலது கையில், ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒரு நீலக் கறை தென்பட்டது. ஒரு அரிசி அளவு. புற ஊதா விளக்கைப் போட்டுப் பார்த்தாள். அந்த விளக்கில் பழைய வார்னிஷ் இளம்பச்சையாக ஒளிரும், வார்னிஷுக்கு மேலே பிறகு வந்து ஒட்டியது எல்லாம் கறுத்துத் தெரியும். கறை கறுத்துத் தெரிந்தது.

ஓவியர் வரைந்து முடித்து, காயவைத்து, மேலே வார்னிஷ் பூசிவிட்டால் படம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் இருப்பது அவருடையது அல்ல. யாரோ பேனா உதறியிருப்பார்கள், ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை சாயக் கையோடு தொட்டிருக்கும். இதுதான் பஞ்சுவின் தொழிலில் எழுதப்படாத சட்டம். புதிதாக வந்தவளாக இருந்தால் சந்தேகப்பட்டு யாரையாவது கேட்டிருப்பாள். இருபது வருஷம் பழகியவள் என்பதால் கேட்கவில்லை. வழக்கப்படி புகைப்படம் எடுத்துவைத்தாள். பஞ்சை நனைத்தாள். நாலு சுற்றில் கறை போய்விட்டது. விரல் பளிச்சென்று ஆனது, அவளுக்கும் மனசு நிறைந்தது.

மறுநாள் பாடகியின் படத்தை எடுத்தாள். பாடகி பாட்டுத் தாளைக் கையில் வைத்திருந்தாள். வலது கை ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒரு நீலக் கறை.

பஞ்சு குச்சியைக் கீழே வைத்தாள். அந்தப் படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு டாக்டரின் படத்தைத் திருப்பினாள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அதே விரலில் அதே கறை. கிடங்குக்கு ஓடி மீதியிருந்த எட்டுப் படங்களையும் கொண்டுவந்து, சுவரோரம் சாய்த்து உறையைப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க நீலம், நீலம், நீலம். எல்லாம் வார்னிஷுக்கு மேலே. முப்பது வருஷ காலத்தில் வெவ்வேறு வீடுகளுக்குப் போன பதினொரு படங்களை, ஒரே விரலில், எந்தக் குழந்தை தேடிப்போய்த் தொட்டிருக்கும்?

போட்டிருக்கேன், பாருங்க.

பஞ்சு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் வரைந்து முடித்து, வார்னிஷும் பூசி, எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்த புள்ளி அது. அவருடைய கையெழுத்து. உலகம் தேடிய அந்தக் கையெழுத்தை, அவருடைய ஆகப் பெரிய படத்திலிருந்து, நாலு சுற்றுப் பஞ்சில் துடைத்தெடுத்த ஒரே ஆள் அவள்தான்.

அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. தரையிலிருந்து பார்க்கும்போது முகங்கள் உயரத்தில் போய்விட்டன, கைகள்தான் கண்ணுக்கு நேரே இருந்தன. பாடகி தாளைப் பிடித்திருந்த கை, டாக்டர் கண்ணாடியைப் பிடித்திருந்த கை, இன்னொரு படத்தில் நீச்சல்காரி தண்ணீர்க் குவளையைப் பிடித்திருந்த கை, எல்லாம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, மற்ற மூன்றையும் மடித்துக்கொண்டிருந்தன. சற்றே அகலமான நகங்கள், நடுவிரலில் ஒரு காய்ப்பு. மூன்று பெண்கள், மூன்று காலங்கள், ஒரே கை.

தரையில் உட்கார்ந்திருந்த அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றிப் பஞ்சுவால் பிறகு யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பிரமிப்பு வந்து, அவளை எழவிடாமல் உட்காரவைத்திருந்தது. ஒரு மனுஷன் முப்பது வருஷம் எல்லோர் கண் முன்னாலும் ஒன்றை வைத்திருக்கிறான், ஒருத்தரும் பார்க்கவில்லை. பல்வலியோடு பார்த்த நாள் முதல் பார்த்துக்கொண்டிருந்த அவளும் பார்க்கவில்லை. எல்லோரும் முகத்தையே பார்த்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

இயக்குநரிடம் மறைக்கவில்லை, போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான் சார்."

"போட்டோ இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப அதைப் பாத்துத் திரும்ப வச்சிடுங்க. பதிவுல ஏத்த வேண்டாம். இது வெளிய தெரிஞ்சா இனிமே ஒருத்தர் நம்மகிட்ட படம் குடுப்பாரா? உங்களை யாராவது ஒரு படத்தைத் தொட விடுவாங்களா? யோசிச்சுப் பாருங்க."

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. விட்டுப்போன இடத்தை நிரப்புவது பஞ்சுவின் தொழிலில் தினமும் நடப்பதுதான். ஆனால் நிரப்பினேன் என்று எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் நிரப்பினால், அதற்குப் பெயர் வேறு. வேலை போனால் அவளுக்கு வேறு கைத்தொழில் கிடையாது. எழுதினால் வேலை போகும், எழுதாவிட்டால் அவருடைய பெயரில் கள்ளக் கையெழுத்துப் போட்டவளாவாள். இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

நீலத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. துடைத்த பஞ்சைக் குப்பியில் போட்டுத் தேதி எழுதிவைப்பது அவள் பழக்கம். அந்தப் பஞ்சை எடுத்துக் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள். அது சாயமே இல்லை. களிமண் போன்ற ஏதோ ஒரு தூளைப் பொடித்து, துளி வார்னிஷில் குழைத்து வைத்திருந்தார். எங்கேயோ பார்த்த நீலம். எங்கே என்று மண்டையை உடைத்துக்கொண்டு, தன் கோட்டை எடுத்து மாட்டும்போது கோட்டுக் கையின் உள்மடிப்பில் அதே நீலத்தில் ஒரு கோடு தெரிந்தது. போன வாரம் நீளம் குறைக்கக் கொடுத்திருந்தாள். தையல்காரர்கள் துணியில் கோடு போடுகிற சாக் கட்டி.

ஓவியரைப் பற்றி நானூறு பக்கத்தில் ஒரு புத்தகம் உண்டு. அதில் அவளுக்கு ஒரு வரி நினைவிருந்தது. இளவயதில் ஒரு தையல்காரியை மணந்தார், டைபாய்டில் படுத்தார், மூன்று ஆண்டில் மணம் முறிந்தது. நானூறு பக்கத்தில் அந்த அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு வரி, அதிலும் பாதியை டைபாய்டு எடுத்துக்கொண்டது.

அவருடைய பழைய ஓவியக்கூடத்திலிருந்து ஐந்து நிமிஷ நடையில், தெரு முனையில், அந்த அம்மாவின் தையல்கடை இன்னமும் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு போனாள். ஒரு மெஷின், ஒரு நீள மேஜை, சுவரில் வெட்டுக் காகிதங்கள். எண்பதைத் தொடும் அம்மா ஒருவர், கழுத்தில் அளவு நாடாவும் உதட்டில் நாலு குண்டூசியுமாகக் குனிந்திருந்தார். பஞ்சு உள்ளே வந்ததும் ஆளைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தார்.

"இந்த மடிப்பை யாரு அடிச்சது? கோணலா இருக்கே. கழட்டு, சரி பண்ணித் தரேன்."

கழற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அவர் தையலைப் பிரித்து, தேய்ந்து மெலிந்த ஒரு நீலக் கட்டியை எடுத்துக் கோடு போட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன, மற்ற மூன்றும் மடிந்தன. பதினொரு படங்களிலிருந்தும் அந்தக் கை இறங்கி வந்து தன் கோட்டின் மேல் கோடு கிழிப்பதைப் பஞ்சு பார்த்துக்கொண்டு நின்றாள். உடம்பு சிலிர்த்தது.

"அம்மா, நான் அருங்காட்சியகத்துலருந்து வரேன். அவரைப் பத்திப் பேசணும்."

"எவரைப் பத்தி? ஓ, அவரா." குண்டூசிகளை எடுத்து மேஜையில் வரிசையாகக் குத்தினார். "என்கிட்ட என்ன இருக்கு பேச? அந்த மூணு பேரைப் பத்திக் கேளு, அவங்களைத்தான வரைஞ்சாரு. என்னை ஒருநாளும் வரையல."

"ஒருநாளும்?"

"உக்காரச் சொல்வாரு. உக்காருவேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா தாள் வெள்ளையா இருக்கும். என்னய்யான்னா, 'உன் மூஞ்சியைப் பாக்க ஆரம்பிச்சா வரையறது மறந்துபோகுது'ன்னுவாரு. சால்ஜாப்பு. அப்புறம் அந்தப் பாடகி வந்தாங்க. நான் சண்டையெல்லாம் போடல. மெஷினைத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு இங்க வந்துட்டேன்."

"அதுக்கப்புறம் பாக்கவே இல்லையா?"

அந்த அம்மா சிரித்தார். "பாக்காம? சாகற வரைக்கும் வந்தாரே. சட்டையில பட்டன் போயிடுச்சுன்னு வருவாரு. உனக்குச் சொன்னா நம்ப மாட்ட, அந்த ஆளுக்குப் போன அளவு பட்டன் உலகத்துல யாருக்கும் போயிருக்காது. அந்தா, அந்த ஸ்டூல்ல உக்காருவாரு. நான் தைக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாரு. நல்லாத் திட்டுவேன். ஊரே கொண்டாடுது, மூணு பொம்பளைங்க வந்து போயாச்சு, ஒரு பட்டன் தைக்க ஆளில்லையான்னு. சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டுப் போவாரு."

"எதுவும் கேக்க மாட்டாரா?"

"தேஞ்சுபோன சாக் கட்டி இருந்தா குடும்பாரு. படம் போடத்தான் கேக்கறாருன்னு குடுத்துருவேன்."

பஞ்சு கேட்க வந்ததை அப்போது கேட்டிருக்கலாம். ஒரு சாக் துண்டு கிடைத்தால் போதும், யாருக்கும் தெரியாமல் விஷயம் முடிந்துவிடும். மேஜைமேல் கை எட்டும் தூரத்தில் கட்டியும் கிடந்தது. கேட்க நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக, "நாளைக்கு எங்களுக்கு விடுமுறை. யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு தடவை வந்து பாருங்கம்மா" என்றாள்.

"அந்தப் பொண்ணுங்களைப் பாக்கவா? எனக்கு வேற வேலை இல்ல?"

"அவங்களை இல்லம்மா. வந்து பாருங்க."

மறுநாள் வந்தார். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டபடி வந்தார். பஞ்சு முந்தின இரவே படங்களை அந்தந்த அறையில் கொண்டுபோய் வைத்திருந்தாள்; பாடகியின் அறையில் அந்த அம்மா முதல் படத்துக்கு முன்னால் நின்றார். "அழகாத்தான் இருக்காங்க" என்றார். குரலில் குத்தல் இல்லை. முகத்தை விட்டுக் கீழே பாருங்கள் என்று பஞ்சு சொல்ல வேண்டியிருக்கவில்லை. தையல்காரிக்குக் கண் தானாகவே கைக்குத்தான் போகும்.

பார்த்தார். பாக்கெட்டிலிருந்து வலது கையை மெல்ல வெளியே எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். நடுவிரல் காய்ப்பைக் கட்டைவிரலால் தடவினார். அடுத்த படத்துக்குப் போனார். டாக்டரின் அறைக்குப் போனார். நடை வேகமாகிக்கொண்டே போனது, பஞ்சு கூடவே ஓடவேண்டியிருந்தது. ஒரு படத்தில் விரல் நுனியில் சின்னத் தழும்பு இருந்தது. "இது அந்த வருஷம் ஊசி உடைஞ்சு ஏறினது" என்றார். இன்னொன்றில் விரல் முட்டி கொஞ்சம் வீங்கியிருந்தது. "இது வாதம் ஆரம்பிச்சப்ப." அந்தப் பெண்கள் எல்லாம் முப்பது வயதைத் தாண்டவில்லை. படத்துக்குப் படம் கைக்கு மட்டும் வயசாகிக்கொண்டே வந்தது. அதைப் பஞ்சுவும் அப்போதுதான் பார்த்தாள்.

"பட்டனைப் பிச்சுக்கிட்டு வந்திருக்கான் படுபாவி" என்றார் அந்த அம்மா.

கடைசியாக 'மஞ்சள் நாற்காலி'. அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு கிட்டே போய் எதையோ தேடினார்.

"எல்லாத்துலயும் விரல்ல சாக் அழுக்கு இருந்துது. இதுல இல்லையே."

பஞ்சு சொன்னாள். விளக்கைப் பற்றி, வார்னிஷைப் பற்றி, நாலு சுற்றுப் பஞ்சைப் பற்றி. அதுதான் அவருடைய கையெழுத்து என்பதையும், திரும்ப வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளச் சொல்லியிருப்பதையும், முந்தின நாள் கடைக்கு வந்தது ஒரு துண்டு சாக்குக்காகத்தான் என்பதையும் சொன்னாள். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. "உங்க அடையாளத்தை நான் அழிச்சுட்டேன்மா" என்றாள்.

அந்த அம்மா பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார், துண்டைப் பிடித்திருந்த அந்தக் கையைப் போலவே.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார், பஞ்சுவிடம் அல்ல. "இத்தனை வருஷம் வந்து உக்காந்தியே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையையாவது கழுவிட்டு உக்காந்திருப்பேன்ல."

கொஞ்ச நேரம் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். பிறகு கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தைக் காட்டினார்.

"ஊரே வந்து பாக்கப் போவுது. பத்துப் படத்துல அழுக்குக் கையோட உக்காந்திருக்கேன். ஒண்ணுலயாவது கழுவி விட்டியே. அது அப்படியே இருக்கட்டும்மா."

பஞ்சு அவரை அங்கேயே உட்காரவைத்துவிட்டு மாடிக்குப் போனாள். படத்தின் பதிவேட்டை எடுத்து, நடந்ததைத் தேதியோடு எழுதினாள். 'தவறுதலாக' என்ற வார்த்தை பேனா முனைவரை வந்தது. அதைப் போடவில்லை. 'துடைத்தது நான்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டு, இயக்குநரின் மேஜையில் வைத்தாள். விடுமுறை நாளிலும் அவர் அவளுடைய முடிவைக் கேட்க வந்து காத்திருந்தார்.

அவர் இரண்டு தடவை படித்தார். "வைக்கப் போறதில்லையா?"

"இல்ல சார். வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது? யாரைக் கேட்டீங்க?"

"கைக்குச் சொந்தக்காரங்களை. கீழ உக்காந்திருக்காங்க சார். என்னை அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை கீழ வந்து அவங்களைப் பாத்துட்டு, அப்புறம் படங்களைப் பாருங்க."

இயக்குநர் பதிவேட்டை மூடாமல் எழுந்து அவள் பின்னால் படியிறங்கினார்.